நமக்கும் ஓர் அணி: கிள்ளான் பள்ளத்தாக்கு இரண்டு முறை கண்ட கனவு

ஒரு நகரத்துக்குப் புதிதாக ஒரு காற்பந்து அணி வருகிறது என்றால் ரசிகர்களுக்கு ஏன் அத்தனை சந்தோஷம்? பிள்ளைக்கு வேலை கிடைத்ததுபோல் ஏன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்? கேட்கும்போது கேள்வி சாதாரணமாகத்தான் இருக்கிறது. பதில் சொல்லப் போனால் பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்று நீண்டுகிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் ஐம்பது ஆண்டுக் கதை வெளியே வருகிறது.

2018-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அந்தச் சந்தோஷம் இங்குள்ள தமிழர்களுக்குக் கிடைத்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி, 'மிஃபா' என்று எல்லாரும் அழைத்த அணி, நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடப்போகிறது என்று செய்தி வந்தது. தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் அது பெரிய செய்தி. அந்த அணி 2019-இல் ஒரு நகரத்தின் பெயரையும் சூட்டிக்கொண்டது: பெட்டாலிங் ஜெயா சிட்டி.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு புதிய அணியை வரவேற்றது அதுதான் முதல் தடவையா? இல்லை. முதல் தடவை என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இரண்டாவது தடவை ஏன் அப்படி முடிந்தது என்பது விளங்கும்.

வளைவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

1974 பிப்ரவரி 1-ஆம் தேதி வரை கோலாலம்பூர் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவரும் சிலாங்கூர்க்காரர். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் சிலாங்கூர்க்காரர். அன்றைய தினம் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம் என்றானது. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போகிறவர்கள் இன்றும் பார்க்கும் 'கோத்தா டாருல் ஏசான்' வளைவு அந்தப் பிரிவின் நினைவாக எழுப்பப்பட்டதுதான். 1982-இல் அது கட்டி முடிக்கப்பட்டது.

கூட்டரசுப் பிரதேசத்தில் இருப்பவருக்கு மாநிலச் சட்டமன்றம் கிடையாது. ஆக, பிரிக்பீல்ட்ஸ்காரர் ஓர் ஓட்டை இழந்தார். பதிலுக்கு ஒரு காற்பந்து அணி கிடைத்தது! கூட்டரசுப் பிரதேசக் காற்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டு, 1970-களின் இறுதியில் அதன் அணி மலேசியக் கிண்ணத்தில் இறங்கியது.

அதை யார் கேட்டார்கள்? உண்மையைச் சொன்னால், அன்று பெரும்பாலானவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. எப்படிப்பட்ட அணி! 1921-இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் இந்தப் போட்டி தொடங்கியபோது முதல் இறுதியாட்டத்தில் ஆடி சிங்கப்பூரிடம் தோற்ற சிலாங்கூர், பிற்காலத்தில் கிண்ணத்தைத் தன் வீட்டுப் பாத்திரமாகவே வைத்துக்கொண்டது. 1971 முதல் 1986 வரையிலான 16 ஆண்டுகளில் 11 முறை கிண்ணம் சிலாங்கூருக்கு. இதுவரை மொத்தம் 33 முறை. கடைசியாக வென்றது 2015-இல்.

அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டைக்குள் நம்மவர்களும் இருந்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைமை தாங்கிய எம். சந்திரன் சிலாங்கூர் ஆட்டக்காரர். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம் சிலாங்கூர் ஆட்டக்காரர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தில் சோ சின் ஆன், சந்தோக் சிங்கோடு கோல் கம்பத்தில் நின்றவர் அவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில் ஆறுமுகம் போய்விட்டார். வயது 35. கிள்ளானில் வயதானவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும்.

பிறகு கே. ராஜகோபால். சிலாங்கூருக்கு ஆடியவர், 2010-இல் மலேசிய அணிக்குப் பயிற்றுநராக இருந்து இந்தோனேசியாவை வீழ்த்தித் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வாங்கித் தந்தவர்.

இப்படிப்பட்ட அணியை விட்டுவிட்டுப் புதிதாக வந்த ஒன்றுக்கு எவன் கைதட்டுவான்? அதனால் கூட்டரசுப் பிரதேச அணி ஆரம்பத்தில் ரசிகரில்லாத அணியாகவே இருந்தது. சொந்த அரங்கமும் கிடையாது. சிலாங்கூர் ஆடிய மெர்டேக்கா அரங்கிலேயே அதுவும் ஆட வேண்டியிருந்தது. அதாவது வாடகை வீடு. அதுவும் அண்ணன் வீட்டிலேயே வாடகை.

அந்த அணி பிழைத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அதன் பின்னால் மாநகர் மன்றம் இருந்தது. 1981 முதல் 1992 வரை மாநகர் மேயராக இருந்த எலியாஸ் ஓமார் காற்பந்துச் சங்கத்துக்கும் தலைவர். ஒரு நிறுவனத்தின் கணக்கு ஆண்டில் லாபமா நஷ்டமா என்று பார்த்து முடிவெடுக்கும் நிலை அங்கே இல்லை. இரண்டாவது காரணம், அவசரப்படாமல் கட்டினார்கள். 1985-இல் இறுதியாட்டம் வரை வந்து ஜொகூரிடம் தோற்றார்கள். 1986-இல் லீக்கை வென்றார்கள். அதன் பிறகு சிங்கப்பூரிலிருந்து மூவர் வந்து சேர்ந்தார்கள்: பாண்டி அகமட், மாலேக் அவாப், கே. கண்ணன். 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மலேசியக் கிண்ணம் கோலாலம்பூருக்கு. மூன்று முறையும் எதிரே நின்ற அணி கெடா. பாவம் கெடா ரசிகர்கள்!

அந்த மூன்று ஆண்டுகளில்தான் விஷயம் மாறியது. 1974-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. கிண்ணம் தூக்குவதை அந்த வயதில் பார்த்தவன் ஆயுளுக்கும் அந்த அணியின் ரசிகன். அப்பா சிலாங்கூர், பிள்ளை கோலாலம்பூர் என்று ஒரே வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சண்டை தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அணி வேர் விட்டது என்றால் அது இப்படித்தான்.

தோட்டத்துத் திடல்

இனி 2018-க்கு வரலாம் என்றால், நடுவில் தோட்டத்தைத் தாண்டாமல் வர முடியாது. மிஃபா அணியின் மேல் வைத்த நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

கிள்ளான், காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் என்று சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களில் மூன்று விஷயங்கள் தவறாமல் இருந்தன: ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு திடல். காலையில் பால்மரம் வெட்டியவர்கள் மாலையில் அந்தத் திடலில் பந்து உதைத்தார்கள். கிராணியும் மண்டோரும் ஓரத்தில் நின்று சத்தம் போட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. தீபாவளிக்கு ஒரு கிண்ணம், புத்தாண்டுக்கு ஒரு கிண்ணம். நன்றாக ஆடியவனை நகரத்துக் கழகத்தார் வந்து கூட்டிப் போனார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்த ஏற்பாடு கிடையாது. ஆனால் அது ஓர் ஏணி.

அந்த ஏணி எப்போது உடைந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்து வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். பள்ளியைச் சில இடங்களில் மாற்றிக் கட்டினார்கள். கோயிலுக்காகப் போராடினார்கள். திடலுக்காகப் போராடியவர்கள் குறைவு. ஏழாம் மாடியில் பந்து உதைக்க இடமில்லை. கீழே கார் நிறுத்தும் இடத்தில் உதைத்தால் கண்ணாடிக்காரர் சண்டைக்கு வருகிறார்.

பெட்டாலிங் ஜெயாவே அப்படி வந்த ஊர்தான். 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்து நிலத்தில் உருவாக்கிய துணை நகரம் அது. 2006-இல் மாநகரத் தகுதி பெற்றது. ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்த ஊரின் பெயரை ஓர் இந்தியர் அணி சுமந்தது தற்செயல்தான். ஆனாலும் யோசிக்க வைக்கிற தற்செயல்.

1994, 1995-ஆம் ஆண்டுகளில் வெடித்த லஞ்ச விவகாரம் மலேசியக் காற்பந்தையே உலுக்கியது. பல ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள். அரங்குகள் காலியாயின. 'பந்து உதைத்து என்னடா சம்பாதிக்கப் போறே, போய்ப் படி' என்று சொல்லாத பெற்றோர் இல்லை. ஒரு காலத்தில் தேசிய அணியின் பெயர்ப்பட்டியலில் சாதாரணமாக இருந்த தமிழ்ப் பெயர்கள் அரிதாயின. எஸ். குணாலன் போன்ற ஒருவர் வந்தால் அதுவே செய்தி என்றானது.

இந்தப் பின்னணியில்தான் மிஃபாவைப் பார்க்க வேண்டும். டத்தோ டி. மோகன் தலைமையில் இருந்த மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மிஃபாவும் சேர்ந்து ஓர் அணியை லீக்கில் இறக்கின. 2016-இல் மூன்றாம் நிலையான எஃப்ஏஎம் லீக். 2017-இல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக். 2018 முடிவில், மேலே போகத் தகுதி பெற்றிருந்த ஃபெல்க்ரா அணி போட்டியிலிருந்தே விலகிக்கொள்ள, அந்த இடம் மிஃபாவுக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டில் மூன்று படி!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஃபாவுக்கு மேலே கதவைத் திறந்துவிட்டது இன்னோர் அணியின் சாவு. தகுதி பெற்ற ஓர் அணி, 'இனி எங்களால் முடியாது' என்று கடையை மூடிக்கொண்டு போகிற லீக் அது. கொண்டாட்டத்தில் அதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

பெயரில் என்ன இருக்கிறது?

மேலே வந்ததும் பெயர் பிரச்சினை. 'மிஃபா' என்றால் அதில் இந்தியர் என்ற சொல் இருக்கிறது. தொழில்முறை லீக்கில் ஓர் இனத்தின் பெயரோடு நின்றால் மற்ற இனத்து ரசிகர்கள் வருவார்களா? விளம்பரதாரர் வருவாரா? அணியை விஜய் ஈஸ்வரன் தோற்றுவித்த கியூஐ குழுமம் ஏற்று நடத்த, 2019-இல் அது பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆனது. களத்தில் முன்பிருந்தே எல்லா இனத்தவரும் ஆடினார்கள். இப்போது பெயரும் எல்லாருக்கும் பொதுவானது.

அது சரியான முடிவா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சரி என்பவர்களுக்கு ஆஸ்திரேலியா ஓர் உதாரணம். அங்கே குடியேறிய கிரேக்கர்கள் சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ் என்றும், இத்தாலியர்கள் மார்க்கோனி என்றும் சங்கம் வைத்து அணி நடத்தினார்கள். 1977-இல் தொடங்கிய தேசிய லீக்கை இப்படிப்பட்ட அணிகள்தான் தூக்கி நிறுத்தின. ஆனால் 'இது அவர்கள் ஆட்டம், நமக்கென்ன' என்று மற்றவர்கள் ஒதுங்கியே நின்றார்கள். 1990-களில் இனப் பெயர்களை எடுக்கச் சொன்னார்கள். 2004-இல் அந்த லீக்கே முடிந்தது. மறு ஆண்டு ஏ-லீக் என்று நகரங்களின் பெயரால் புதிய அணிகள் வந்தன; கூட்டமும் வந்தது. ஆனால் பழைய அணிகளைத் தோளில் சுமந்த குடும்பங்களுக்கு அந்த வெற்றியில் பங்கு இல்லாமல் போனது. மார்க்கோனி இன்றும் கீழ்நிலையில் ஆடிக்கொண்டிருக்கிறது.

பெட்டாலிங் ஜெயாவில் நடந்தது இதைவிடச் சிக்கல். இனப் பெயரை விட்டார்கள். நகரத்தின் பெயரை எடுத்தார்கள். ஆனால் அந்த நகரம் காலியாக இருந்ததா? பெட்டாலிங் ஜெயா சிலாங்கூர் மாநிலத்து ஊர். வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பது. அங்கே வாழ்கிற மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே தாத்தா காலத்திலிருந்து சிலாங்கூர் ரசிகர்கள். கோலாலம்பூர் அணிக்காவது எல்லைக்கோடு ஒன்று துணை நின்றது. இந்த அணிக்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, ஷா ஆலாம் அரங்கம் பழுதாகிப் போன பிறகு சிலாங்கூர் அணியே கெலானா ஜெயாவிலுள்ள மாநகர் மன்ற அரங்குக்கு வந்துவிட்டது. ஒரே புல்தரை, இரண்டு அணி. ஒன்றுக்கு 33 கிண்ணம். மற்றதற்கு மூன்று வயது.

தமிழ் ரசிகர்கள் நிலைமை இன்னும் வேடிக்கை. 2019-இல் பெட்டாலிங் ஜெயா பயிற்றுநர் கே. தேவன். அதே பருவத்தில் சிலாங்கூர் பயிற்றுநர் யார்? பி. சத்தியநாதன்! நம்மவர் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் எந்த நம்மவர் என்று சாமி திருப்பிக் கேட்கும்.

நான்கு பருவங்கள்

களத்தில் அந்த அணி வெட்கப்படும்படி எதுவும் செய்யவில்லை. 2019-இல் கோலாலம்பூர் அணியே கீழ்நிலைக்கு இறங்கியது. புதிதாக வந்த பெட்டாலிங் ஜெயா மேலேயே நின்றது. 2020-இல் பி. மணியம் பொறுப்பேற்றார். அந்தப் பருவம் கோவிட் பெருந்தொற்றால் பாதியாகச் சுருங்கியது. கே. குருசாமி, வி. ருவெந்திரன், ஆர். கோகிலேஸ்வரன் ராஜ் என்று தமிழ்ப் பெயர்கள் சூப்பர் லீக் பட்டியலில் வாராவாரம் வந்தன. டேரன் லோக் முன்னணியில் ஆடினார். மற்ற அணிகள் பிரேசில், ஆப்பிரிக்கா என்று ஆள் தேடியபோது இந்த அணி கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரரே இல்லாமல் இறங்கியது. கிண்ணம் வாங்கவில்லை. ஆனால் நான்கு பருவங்களில் ஒரு தடவைகூடக் கீழே இறங்கவும் இல்லை.

ஆனால் ரசிகர்கள்? ஓர் அணி தன் பிள்ளைகளைச் சம்பாதிக்க வேண்டிய முக்கியமான ஆண்டுகளில் அரங்கின் கதவு நோயால் மூடியிருந்தது. திறந்த பிறகும் இருக்கைகள் நிறையவில்லை. 2018-இல் சந்தோஷப்பட்டவர்கள் எல்லாரும் டிக்கெட் எடுத்தார்களா என்று கேட்டால், கேட்பவருக்கும் சங்கடம், கேட்கப்படுபவருக்கும் சங்கடம். வாட்ஸ்ஆப்பில் வாழ்த்துச் சொல்வது வேறு, வேலை முடிந்து நெரிசலில் கிள்ளானிலிருந்து கெலானா ஜெயா வரை வண்டி ஓட்டி வருவது வேறு.

தமிழகத்திலும் அதே சமயம் ஒன்று நடந்தது. சென்னை சிட்டி என்ற அணி பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடியது. 2019 மார்ச்சில் இந்திய ஐ-லீக்கை வென்றது. அகில இந்தியாவுக்கும் சாம்பியன்! இரண்டே ஆண்டில் அது லீக்கில் இல்லை. கிண்ணம் வென்றிருந்தால் பெட்டாலிங் ஜெயா பிழைத்திருக்கும் என்று சொல்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

2022-இன் இறுதியில் அணி நிர்வாகம் அறிவித்தது: 2023 பருவத்தில் ஆடப்போவதில்லை. கடன்பட்டு, சம்பளம் கொடுக்க முடியாமல், உரிமம் பறிபோய் அணிகள் சரிவது மலேசியக் காற்பந்தில் வழக்கமான காட்சிதான். அதே ஆண்டு மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் அடுத்த பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயா அணி தானாகவே வெளியேறியது. மிஃபா மூன்று ஆண்டு ஏறிய படிகளை ஓர் அறிவிப்பு அழித்துவிட்டது. நகரத்தின் பெயர் கொண்ட அணியை மூடுவதற்கு நகரத்தாரிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் பெயர் மட்டும்தான் நகரத்துடையது.

அந்த அணி இருந்ததால் சில இளைஞர்கள் சூப்பர் லீக்கில் ஆடி, பிறகு வேறு அணிகளுக்குப் போனார்கள். அது சின்ன விஷயம் கிடையாது. ஆனால் தோட்டத்துத் திடல் செய்த வேலையை ஒரு தொழில்முறை அணி தனியாகச் செய்ய முடியாது. ஏணியின் மேல்படியை மட்டும் வாங்கிச் சுவரில் சாத்தினால் கீழே நிற்கும் பையன் எப்படி ஏறுவான்? பன்னிரண்டு வயதில் ஆட ஒரு புல்தரை, பதினைந்து வயதில் பார்க்க ஒரு பயிற்றுநர், போய்வர ஒரு வண்டி. இவை இல்லாத இடத்தில் கோகிலேஸ்வரன்கள் தற்செயலாகத்தான் வருவார்கள்.

வளைவுக்கு இந்தப் பக்கம் கதை வேறு மாதிரிப் போனது. 2019-இல் கீழே இறங்கிய கோலாலம்பூர் அணி ஒரே ஆண்டில் திரும்பி வந்தது. 2021 நவம்பர் 30, புக்கிட் ஜாலில் அரங்கம், மலேசியக் கிண்ண இறுதியாட்டம். எதிரே அசைக்க முடியாத ஜொகூர் டாருல் தக்சிம். சஃப்ரி யாஹ்யா ஒரு கோல், பாவ்லோ ஜோசுவே ஒரு கோல், 2-0. நடுக்களத்தில் கென்னி பால்ராஜ் இருந்த அணி அது. 1989-இல் பத்து வயதில் கிண்ணத்தைப் பார்த்த பையனுக்கு அன்று 42 வயது. 32 ஆண்டுகள் காத்திருந்து, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அன்று அரங்கில் இருந்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில் அதே அணி ஆசியச் சம்மேளனக் கிண்ண இறுதியாட்டம் வரை போய் ஓமானின் அல் சீப் அணியிடம் 0-3 என்று தோற்றது. தோற்ற பிறகும் கைதட்டினார்கள்.

சில வாரங்கள் கழித்து, நெடுஞ்சாலையில் பத்து நிமிடத் தூரத்தில், பெட்டாலிங் ஜெயா சிட்டி கதை முடிந்தது. 2023 பருவம் தொடங்கியபோது கெலானா ஜெயா அரங்கில் சிவப்பு மஞ்சள் கொடிகள் மட்டும் பறந்தன.